பழைய லேப்டாப்புக்கு வேறு கம்பெனி ரேம் போடலாமா, சார்ஜர் வாங்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதான லேப்டாப்போ டெஸ்க்டாப்போ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். ஆன் செய்தால் எழுந்து நிற்க மூன்று நிமிடம் ஆகிறது, பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறுகிறது. ஆனால் திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு விரலுக்குப் பழகிவிட்டது, தூக்கிப் போட மனம் வரவில்லை. சரி, ரேமைக் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) கூட்டிப் பார்க்கலாம் என்று தேட ஆரம்பித்தால் ஒரே அளவு ரேம் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விலை. கணினியைச் செய்த கம்பெனியின் முத்திரையோடு ஒன்று, பெயர் தெரிந்த வேறு கம்பெனியுடையது ஒன்று, பெயரே கேள்விப்படாதது ஒன்று, அப்புறம் கழித்துப் போட்ட கணினிகளிலிருந்து கழற்றி எடுத்தது ஒன்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேமுக்கும் டிஸ்க்குக்கும் கணினிக் கம்பெனியின் முத்திரை தேவையே இல்லை. சார்ஜர், பேட்டரி விஷயத்தில் முத்திரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் டிரைவரை, அதாவது அந்தப் பொருளைக் கணினி புரிந்துகொள்ள உதவும் மென்பொருளைப் பொறுத்தது. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதுதான் இனி.

ரேமில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் பேர் பயப்படுவதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். அந்தப் பச்சை அட்டையின் மேல் வரிசையாக ஒட்டியிருக்கும் கறுப்பு சிப்களைப் பெரும்பாலும் செய்வது மூன்றே கம்பெனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். கணினிக் கம்பெனி தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்கும் ரேமிலும் இவர்கள் சிப்தான் இருக்கும், கிங்ஸ்டன் போன்றவர்கள் விற்கும் ரேமிலும் பெரும்பாலும் இவர்கள் சிப்தான் இருக்கும். குரூஷியல் என்ற ரேம் பிராண்டே மைக்ரானுடையது. ரேமின் அளவு, பின்களின் எண்ணிக்கை, மின்னழுத்தம், வேகம் எல்லாவற்றுக்கும் ஜெடெக் என்ற பொது அமைப்பு வகுத்த தரம் இருக்கிறது. அட்டையின் ஓரத்தில் குட்டியாக இன்னொரு சிப் உண்டு, நான் இன்ன அளவு, இன்ன வேகம் என்று அதில் எழுதியிருக்கும், கணினி ஆன் ஆனதும் முதலில் அதைப் படித்துத்தான் வேலையைத் தொடங்குகிறது. இதில் யார் ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்பதற்கு எந்தப் பங்கும் இல்லை. முத்திரைக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை என்றால் எந்த ரேமும் ஓடும் என்று அர்த்தமில்லை. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறைகள் மூன்றுக்கும் அட்டையில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், அதனால் மாற்றிச் சொருக முடியாது. அது ஒரு பாதுகாப்பு. சிக்கல் வருவது ஒரே தலைமுறைக்குள்தான். டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடுவது. இரண்டுக்கும் வெட்டு ஒரே இடம். லேப்டாப்பில் இரண்டுமே 204 பின். எல் வகையை 1.5 வோல்ட் கணினியில் போட்டால் ஓடும், ஏனென்றால் அது இரண்டு அழுத்தத்தையும் தாங்கும். திருப்பிப் போட்டால் நடக்காது. 2013க்குப் பிறகு வந்த மெல்லிய லேப்டாப்கள் பல 1.35 வோல்ட் மட்டுமே கொடுக்கும்.

நான் இதில் ஒருமுறை ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப், 4 ஜிபியை 8 ஆக்க ஒரு ரேம் வாங்கி, பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, சாய்வாகச் சொருகி, இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று பிடிக்கும் வரை அழுத்தி மூடினேன். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. ஐந்து நொடியில் தானாக அணைந்து திரும்பவும் எரிகிறது, திரும்பவும் அதே. ஸ்லாட் போய்விட்டதோ, மதர்போர்டையே கெடுத்துவிட்டேனோ என்று கை நடுங்கியது. பழைய ரேமை மட்டும் வைத்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கடைசியில் இரண்டு ஸ்டிக்கர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பழையதில் பிசி3எல் (டிடிஆர்3எல்லின் அடையாளம்) என்று இருந்தது, புதியதில் பிசி3 என்று மட்டும். ஓர் எழுத்து.

அதனால் ரேம் வாங்கும் முன் உள்ளே இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ் என்பது போல ஆங்கில எழுத்தில் ஏதோ அச்சிட்டிருக்கும். 12800 என்றால் 1600 வேகம், 10600 என்றால் 1333, 8500 என்றால் 1066. கடைசியில் உள்ள எஸ் லேப்டாப் ரேம் என்பதைக் குறிக்கும், அந்த இடத்தில் யு இருந்தால் டெஸ்க்டாப். வேகம் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் பாதகமில்லை, கணினி தன்னால் முடிந்த வேகத்துக்கு இறக்கிக்கொள்ளும். இரண்டு ரேமில் ஒன்று மெதுவானது என்றால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். ஒரே அளவில் இரண்டு போட்டால் டூயல் சேனல், அதாவது இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வசதி, கிடைக்கும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் படம் காட்டும் வேலைக்கும் அந்த ரேம்தான்.

எவ்வளவு ரேம் வரை ஏறும் என்பது தனிக் கதை. கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம், அந்தக் கணினி வெளிவந்த நாளில் கடையில் கிடைத்த ரேமை வைத்து எழுதியது அது. 2012 மேக்புக் புரோவுக்கு (ரெடினா அல்லாத மாடல்) ஆப்பிள் சொன்னது 8 ஜிபி, ஆனால் 16 போட்டு ஓட்டுபவர்கள் ஏராளம். அதே சமயம் ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைப் போடுவது சிப்செட்டும் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்கள்) பிராசசரும்தான். 2010இல் வந்த 13 இன்ச் மேக்புக் புரோ 16 ஜிபி ஏற்கும், அதே ஆண்டு அதைவிட விலை கூடுதலாக விற்ற 15 இன்ச் 8 ஜிபியைத் தாண்டாது. காரணம், சின்னதில் இருந்தது பழைய கோர் 2 டூவோவும் என்விடியா சிப்செட்டும், பெரியதில் இருந்தது இன்டெலின் முதல் தலைமுறை கோர் ஐ. இன்டெல் இரண்டு, மூன்று, நான்காம் தலைமுறை லேப்டாப்களில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான், 16 ஜிபி டிடிஆர்3 ரேம் விற்பனையில் இருந்தாலும் அவற்றில் ஓடாது. அப்புறம், 32 பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் எதைப் போட்டும் பயனில்லை, அந்த 4இலும் மூன்றரை வரைதான் கைக்கு வரும். முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

பெயர் தெரியாத மலிவு ரேம் பற்றி ஓர் எச்சரிக்கை. டெஸ்க்டாப் டிடிஆர்3 ரேம் பாதி விலையில் கிடைத்து, ஏஎம்டி மதர்போர்டுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் தள்ளி நில்லுங்கள். சிப் அமைப்பே வேறு, இன்டெல் போர்டில் பெரும்பாலும் எழாது. இந்த மலிவு ரேமைவிட, கழித்த கணினிகளில் இருந்து எடுத்த சாம்சங் ரேமோ ஹைனிக்ஸ் ரேமோ எனக்கு எப்போதும் மேல். ரேம் எழுதி எழுதித் தேயும் பொருள் இல்லை, எட்டு வருடம் ஒழுங்காக ஓடியது இன்னும் எட்டு வருடம் ஓடும் என்று நம்பலாம். ஆனால் சோதிக்காமல் நம்பக் கூடாது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். நான் வாங்கிய ஒரு ஜோடி முதல் சுற்றில் சுத்தமாகத் தேறியது, இரண்டாவதிலும் தேறியது, விடிகாலையில் போய்ப் பார்த்தால் மூன்றாவது சுற்றில் திரையின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்ததில் ஒன்று நல்லது, மற்றது கெட்டது. விண்டோஸில் மட்டும் ஓட்டியிருந்தால் ஏதோ ஒரு நாள் ஒரு கோப்பு சத்தமில்லாமல் கெட்டிருக்கும், காரணமே தெரிந்திருக்காது. (தங்கநிற ஓரத்தில் அழுக்கேறி ஓடாமல் இருப்பதும் உண்டு. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போட்டுப் பாருங்கள், தூக்கிப்போட வேண்டியது என்று நினைத்த சிலது உயிர்பெறும்.)

இப்போது அடுத்த தேர்வு: பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, ரேமா, எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க்)? டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் தினமும் செய்யும் வேலையைச் செய்து பாருங்கள். ரேம் 60, 70 சதவீதத்தில் நிற்க, டிஸ்க் மட்டும் 100இல் ஒட்டிக்கொண்டிருந்தால் பதில் எஸ்எஸ்டி. ரேம் 90ஐத் தாண்டி நின்றால் ரேம். 2 ஜிபி வைத்திருப்பவருக்கு யோசிக்கவே வேண்டாம், முதலில் ரேம். 4 ஜிபியும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினி என்றால் நான் எஸ்எஸ்டியைத்தான் முதலில் போடச் சொல்வேன். ஹார்டு டிஸ்க்கின் முள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து தகவலை எடுக்கப் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு. ரேம் போதாமல் டிஸ்க்குக்குத் தள்ளப்படுவதும் எஸ்எஸ்டியில் என்றால் அவ்வளவு வலிக்காது. என் கணினியில் டிஸ்க்கை இணைக்கும் வழி சாட்டா 2தானே, நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாதே, எஸ்எஸ்டி வீணாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. வீணாகாது. நீங்கள் உணரப் போகும் வித்தியாசம் பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகத்தில் இல்லை, ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகத்தில் இருக்கிறது.

எஸ்எஸ்டியிலும் கணினிக் கம்பெனியின் முத்திரைக்கு வேலையில்லை, பொருந்துமா என்பதுதான் கேள்வி. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன் இருக்கும், பழைய லேப்டாப்பின் இடம் பல சமயம் 9.5 மிமீ, நடுவில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாது. எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் சொருகும் இடம்) இருந்தால் மட்டும் உஷாராக இருங்கள். ஆரம்பகால எம்.2 ஸ்லாட்கள் பல சாட்டா மட்டும்தான் பேசும், என்விஎம்இ என்ற வேகமான வகையை வாங்கிச் சொருகினால் கணினிக்கு அது கண்ணிலேயே படாது. படும் கணினியிலும் பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) அதிலிருந்து தொடங்க மறுக்கலாம்.

இந்த யோசனை எல்லாம் கழற்றி மாற்ற முடிகிற கணினிகளுக்குத்தான். 2012 ரெடினா மேக்புக் புரோவில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, மற்றவர்களின் மெல்லிய லேப்டாப்களும் அந்த வழிக்கு வந்தன. ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறு. ஐபிஎம் பிசியில் ஏஎஸ்டி என்ற வேறு கம்பெனியின் சிக்ஸ்பேக்பிளஸ் கார்டு ஒன்றைச் சொருகினால் 384 கேபி வரை கூடுதல் நினைவகம், கடிகாரம், சீரியல், பேரலல் போர்ட் எல்லாம் ஒரே ஸ்லாட்டில் வந்துவிடும். கணினியை வாங்கியவர் அதை வளர்த்துக்கொள்ளலாம் என்பது இயல்பாக இருந்த காலம் அது. அந்த உரிமை கை நழுவுவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

வெளியே இணைக்கும் பொருட்களுக்கு வருவோம். இங்கே ஒரு விதி நன்றாக உதவும்: தனி டிரைவர் கேட்காத பொருள் என்றால் கம்பெனியைப் பார்க்காமல் வாங்கலாம். கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், சாதாரண யுஎஸ்பி ஹெட்போன் இவற்றுக்கெல்லாம் பொது இலக்கணம் உண்டு, அந்த டிரைவர் விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. பழைய லேப்டாப்பில் நாலு கீ வேலை செய்யவில்லை என்றால் உள் கீபோர்டைத் தேடி அலைவதைவிட ஒரு வெளி கீபோர்டு போதும், நாளை வேறு கணினி வாங்கினாலும் கூடவே வரும்.

வைஃபை அப்படி இல்லை. யுஎஸ்பி வைஃபை டாங்கிளில் ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று வரும், உள்ளே சிப் வேறு வேறாக இருக்கும், ஒன்றுக்கு உங்கள் பழைய ஓஎஸ்ஸில் டிரைவர் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. சரி, உள்ளே இருக்கும் கார்டையே மாற்றலாமே என்றால் அதிலும் ஒரு தடை உண்டு. பழைய திங்க்பேட்களில் அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற பிழையைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். அந்த வகைக் கணினியில் மட்டும் கார்டு விஷயத்தில் கம்பெனி பாகத்தை வாங்குங்கள், இல்லையென்றால் டாங்கிளே நிம்மதி.

யுஎஸ்பி 2.0 மட்டும் உள்ள கணினியில் வெளி ஹார்டு டிஸ்க் நொடிக்கு முப்பது முப்பத்தைந்து எம்பி தரும், 100 ஜிபி நகலெடுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல். டெஸ்க்டாப் என்றால் உள்ளே பிசிஐஇ ஸ்லாட்டில் சொருகும் ஒரு யுஎஸ்பி 3.0 கார்டு போட்டுவிடுங்கள், பழைய டெஸ்க்டாப்புக்கு இதைவிட நல்ல சின்னச் செலவு எனக்குத் தெரியவில்லை. டிஸ்க் டிக் டிக் என்று அடித்து நின்றுபோனால் உடனே டிஸ்க் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள், யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், சில டிஸ்க்குகளுக்குத் தொடக்கத்தில் அது போதாது. தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாகச் சொருகிப் பாருங்கள்.

பிரின்டர், ஸ்கேனர் விஷயத்தில் ஓஎஸ் மாறும்போது பழைய டிரைவர் கைவிடப்படும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்ற பொது அச்சு மொழிகளில் ஒன்றைப் பேசும் பிரின்டர் என்றால் பொது டிரைவரில் ஓடிவிடும். ஸ்கேனரைத் தூக்கிப் போடும் முன் வியூஸ்கேன் என்ற மென்பொருளையோ லினக்ஸில் உள்ள சேன் என்ற மென்பொருளையோ முயலுங்கள், கம்பெனியே மறந்துவிட்ட ஸ்கேனர்கள் பலவற்றை இவை இரண்டும் இன்னும் ஓட்டுகின்றன.

இனி சார்ஜரும் பேட்டரியும். இங்கேதான் என் குரல் மாறுகிறது, ஏனென்றால் தவறான ரேம் போட்டால் கணினி எழாது, அவ்வளவுதான், தவறான பேட்டரி போட்டால் தீப்பிடிக்கலாம். சார்ஜரில் மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: வோல்ட், முனையின் அளவு, எது பாசிட்டிவ் எது நெகட்டிவ் என்பது. ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தும் சில லேப்டாப்கள் ஏற்காது. டெல்லில் முனையின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசி சார்ஜர் யாருடையது, எத்தனை வாட் என்ற தகவலைக் கொண்டுவருகிறது, அது கிடைக்கவில்லை என்றால் கணினி ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் திடீரென்று மந்தமானது என்று ரேம் வாங்கக் கிளம்பும் முன் சார்ஜர் மாற்றியது எப்போது என்று யோசித்துப் பாருங்கள்.

பேட்டரியில் முடிவெடுப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். கம்பெனி பேட்டரிதான் வேண்டும் என்று சொல்லிவிடலாம், ஆனால் பத்து வருடப் பழைய மாடலுக்கு அது கிடைத்தாலும் பல வருடம் அலமாரியில் கிடந்ததாக இருக்கும். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாவிட்டாலும் வயதாகும். கண்ணாடி போல் பேக்கிங் இருந்தாலும் உள்ளே பாதி உயிர் போயிருக்கும். அதனால் தயாரிப்புத் தேதி தெரியாத ஒரிஜினலைவிட, இன்ன கம்பெனி செல் என்று வெளிப்படையாகச் சொல்லி, வாரண்டியும் தரும் வேறு கம்பெனியின் புதிய பேட்டரியை நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டும் கிடைக்காமல், அசலைவிட இரண்டு மடங்கு திறன் என்று அதே அளவுப் பெட்டியில் விற்பது மட்டும் கிடைத்தால் வாங்கவே வேண்டாம், அந்த எண் பொய். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் எடுத்து வைத்துவிட்டு நேராக மின்சாரத்தில் ஓட்டலாம், பழைய மேக்புக்கில் மட்டும் பேட்டரி இல்லாவிட்டால் பிராசசர் வேகம் குறையும். பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால், இன்றே நிறுத்துங்கள். ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எதுவுமே வாங்காமல் விடுவதும் ஒரு வழிதான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக இடமில்லை. டிடிஆர்3 கணினிகள் ஏறக்குறைய எல்லாமே வெளியே நிற்கின்றன. லினக்ஸுக்கு மாற மனமிருந்தால் 8 ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் போட்ட இரண்டாம் தலைமுறை ஐ5 இன்றும் பிரவுசருக்கும் எழுத்து வேலைக்கும் தாராளமாகப் போதும். விண்டோஸ்தான் வேண்டும், அதுவும் பாதுகாப்புத் திருத்தங்களோடு வேண்டும் என்றால் அந்தக் கணினியில் ரேம் போடாதீர்கள். டிடிஆர்3 ரேம் அடுத்த கணினிக்கு வராது, அங்கேயே தங்கிவிடும். சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், கீபோர்டும் வெளித்திரையும் அப்படியே வரும். இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடுகிறது என்றால் எஸ்எஸ்டியை மட்டும் வாங்கிப் போட்டு, லினக்ஸை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் அப்புறம் ரேம் வாங்கலாம், கழித்த கணினிகளில் இருந்து அந்த ரேம் இன்னும் நிறைய வந்துகொண்டுதான் இருக்கிறது.